பழைய ஜிப்ஸி வாங்குறீங்களா? முதல்ல டிஃபரன்ஷியலை எண்ணுங்க

மட்டாஞ்சேரியில் பழைய மாருதி ஜிப்ஸிக்கு விலை பேசப் போறீங்களா? பெயின்ட்டை அப்புறம் பார்க்கலாம். பின்பக்க டிஃபரன்ஷியலைப் பாருங்க. 1985-ல் சுசுகி எஸ்ஜே410-ஐ ஒட்டி வந்த வண்டி இது. இத்தனை வருஷத்தில் ஆக்ஸில் மாறியிருக்கலாம்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்க. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சரியாக 2 சுற்று சுற்றுங்க. புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுழலுதுன்னு இன்னொருத்தர் எண்ணட்டும். நாலைச் சற்றே தாண்டினால் 4.11 (கிரவுனில் 37 பல், பினியனில் 9). நாலுக்குக் கால் சுற்று குறைந்தால் எஸ்ஜே413-இன் 3.73. சக்கரம் அசையவே மறுத்தால், உள்ளே யாரோ வெல்ட் வைத்திருக்கலாம்.

முன் ஆக்ஸிலிலும் இதே எண் வரணும். இல்லாவிட்டால், ஃபோர்-வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸைப் பதம்பார்க்கும். டூ-வீலில் டெஸ்ட் டிரைவ் போனால் இது தெரியவே தெரியாது.