சிங்கத்துக்கு உரிமம் கேட்ட சட்டம்

நாய் வளர்க்க உரிமம் வேண்டும். சிங்கம் வளர்க்க வேண்டியதில்லை! 1976ஆம் ஆண்டு வரை பிரிட்டனில் இதுதான் நிலைமை. நாய் வைத்திருப்பவர் அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். சிங்கம், சிறுத்தை வைத்திருப்பவரை ஏனென்று கேட்க ஆளில்லை.

1969இல் லண்டனின் ஹாரோட்ஸ் பேரங்காடியில் ஒரு சிங்கக்குட்டி விற்பனைக்கு வந்தது. ஜான் ரெண்டல், ஏஸ் பர்க் என்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் 250 கினி கொடுத்து அதை வாங்கினார்கள். கிறிஸ்டியன் என்று பெயரிட்டு, செல்சி வட்டாரத்து மரச்சாமான் கடை ஒன்றின் அடித்தளத்தில் வளர்த்தார்கள். அது ஓடி விளையாடியது எங்கே தெரியுமா? பக்கத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்! அந்தச் சிங்கம் கொடுத்துவைத்தது. மறு ஆண்டே கென்யாவுக்கு அனுப்பப்பட்டு, ஜார்ஜ் ஆடம்சனின் கவனிப்பில் காட்டு வாழ்க்கைக்குப் பழகியது. எல்லாக் குட்டிகளுக்கும் ஓர் ஆடம்சன் கிடைப்பாரா?

வீடுகளில் இப்படிக் கொடிய விலங்குகள் பெருகுவதைக் கண்டு மக்கள் அஞ்சினர். பீட்டர் டெம்பிள் மோரிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதுவே 1976இல் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் ஆனது.

சட்டம் யாரையும் வளர்க்காதே என்று சொல்லவில்லை. நகராண்மைக் கழகத்திடம் உரிமம் பெறு என்றது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கூண்டு உறுதியானதா, விலங்குக்கு ஏற்றதா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடுகட்டக் காப்புறுதி எடுக்க வேண்டும். உரிமம் இல்லாத விலங்கைப் பறிமுதல் செய்யலாம், கொல்லவும் செய்யலாம். இழப்பீடு கிடையாது. விலங்குத் தோட்டம், சர்க்கஸ், உரிமம் பெற்ற விலங்குக் கடை ஆகியவற்றுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூண்டுக்கும் காப்புறுதிக்கும் பணம் கட்ட முடியாதவர் தம் சிறுத்தையை என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குச் சட்டம் வழி சொல்லவில்லை. அதுதான் பெரிய ஓட்டை. இரவோடு இரவாகக் காட்டுப்பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டதாகச் சிலர் பல ஆண்டுகள் கழித்து வாய்திறந்தார்கள். வெளிநாட்டு விலங்குகளைக் காட்டில் விடுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1981இல்தான் வந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, ஸ்காட்லாந்தின் கேனிக் கிராமத்தருகே ஒரு விவசாயி வைத்த பொறியில் பூமா ஒன்று சிக்கியது. ஆள் பழகிய விலங்கு அது. யாரோ வளர்த்ததாகவே கருதப்பட்டது. ஃபெலிசிட்டி என்ற பெயருடன் விலங்குப் பூங்காவில் வாழ்ந்து 1985இல் இறந்தது. உடல் பாடம் செய்யப்பட்டு இன்வெர்னஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பொட்மின் மேட்டுநிலத்தில் கரும்பூனை உலவுவதாகக் கிளம்பிய பேச்சை 1995இல் வேளாண் அமைச்சு ஆராய்ந்தது. உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்து, 2001இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு வேறு கதை சொன்னது. உரிமம் எடுக்க வேண்டியவர்களில் 85 முதல் 95 விழுக்காட்டினர் எடுக்கவே இல்லையாம்! அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமத்தின் காலத்தை 2010இல் இரண்டு ஆண்டாக நீட்டினார்கள்.