சடலமும் சாட்சியமும்: உழைப்பாளரின் திடீர் மரணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டனில் மேரி ஆன் வோக்லி என்னும் இருபது வயதுத் தையற்றொழிலாளி இறந்தாள். வேல்ஸ் இளவரசிக்கான நடன விருந்துக்கு ஆடைகள் தயாரிக்கும் பொருட்டு 26½ மணித்தியாலம் இடைவிடாது உழைத்தவள், வெள்ளிக்கிழமை நோயுற்று ஞாயிற்றுக்கிழமை மரணமானாள். நெருக்கடி மிக்க அறையில் நீண்ட நேரம் வேலை செய்தமையும் காற்றோட்டமற்ற படுக்கையறையுமே காரணம் என வைத்தியர் சாட்சியமளித்தார். மரண விசாரணை யூரர்களோ மூளைத்தாக்கு நோயைக் காரணமாக முன்வைத்து, மிகையுழைப்பு மரணத்தை விரைவுபடுத்தியிருக்கலாம் என்பதைப் பின்னிணைப்பாகவே சேர்த்தனர். ‘மூலதனம்’ முதலாம் தொகுதியில் (1867) மார்க்ஸ் இந்நிகழ்ச்சியை எடுத்தாண்டுள்ளமை வாசகர் அறிந்ததே.

வைத்தியரின் கூற்று நியாயமானது. ஆயினும் அதனை நிறுவும் வழி அன்று இருக்கவில்லை. தனியொரு சடலத்தில் பழுதுற்ற உறுப்பைக் காணலாம். வேலைநாளின் நீளத்தைக் காணமுடியாது. இறந்தோர் பலரை அவர்தம் தொழிலோடு சேர்த்து ஒப்புநோக்கும்போதுதான் பிரேத பரிசோதனை சமூக வரலாற்றுச் சான்றாகிறது.

இவ்வகையில் பிரித்தானிய ஆய்வாளர் ஜெரி மொரிஸின் பணி விதந்து கூறத்தக்கது. இலண்டன் வைத்தியசாலையின் 1907 முதல் 1949 வரையிலான பிரேத பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்த அவர், மாரடைப்பு மரணங்கள் பெருகிய அக்காலத்தில் இதய நாடிகளின் கொழுப்புப் படிவு அதற்கேற்பப் பெருகவில்லை என 1951இல் காட்டினார். நாடியின் நிலை மட்டும் மரணத்தை விளக்கவில்லையெனில், வாழ்நிலையிலன்றோ விடையைத் தேடவேண்டும்? 1953இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, இரட்டைத்தட்டு பஸ்களில் படியேறி இறங்கும் நடத்துநரிலும் பார்க்க, அமர்ந்தே வேலை செய்யும் சாரதிகளிடையே இதயநோயும், நோய் கண்டவுடன் நேரும் மரணமும் கூடுதலாக இருந்தமையை வெளிப்படுத்தியது.

எனினும் எமது பொருளுக்கு மிக முக்கியமானது, மொரிஸும் மார்கரட் குரோபோர்டும் 1958இல் வெளியிட்ட நாடளாவிய பிரேத பரிசோதனை ஆய்வேயாகும். 45 முதல் 70 வயது வரையானவர்களும் இதய நாடி நோயல்லாத காரணங்களால் இறந்தவர்களுமான ஏறத்தாழ 3,800 ஆண்களின் இதயங்கள் அதில் ஒப்பிடப்பட்டன. இத்தெரிவு நுட்பமானது: மாரடைப்பால் இறந்தோரை மட்டும் பார்த்திருந்தால், அந்நோயைச் சுமந்தும் உயிர்வாழ்ந்தோர் கண்ணிற் பட்டிருக்கமாட்டார்கள். நாடிச் சுவரின் படிவு எல்லாத் தொழிற் பிரிவினரிடமும் பெரும்பாலும் ஒத்திருந்தது. ஆனால் இதயத்தசையின் வடுக்கள் இலேசான வேலை செய்தோரிடம் அதிகமாகவும் கடும் உடலுழைப்பாளரிடம் குறைவாகவும் காணப்பட்டன. நோயின் வித்து பொதுவாயினும் அதன் விளைவு பொதுவன்று.

இதனைக் கொண்டு ‘கடும் உழைப்பு நலம் தரும்’ என முதலாளிமார் வாதிக்க இடமில்லை. இதயம் ஒன்றே இங்கு ஆராயப்பட்டது; சுரங்கத் தூசியால் சிதைந்த நுரையீரலும் விபத்தில் நசுங்கிய கால்களும் அவ்வட்டவணைகளுக்கு அப்பாற்பட்டவை. பெண்கள் முற்றாகவே இடம்பெறவில்லை. வோக்லியின் வழிவந்த தையற்கூடத் தொழிலாளரைப் பற்றி அந்த 3,800 இதயங்களும் எதுவும் கூறா.

வேறொரு வரையறையும் உண்டு. மொரிஸ் குழுவினரே 1956இல் பஸ் ஊழியரின் சீருடை அளவுகளை ஆராய்ந்து, சாரதிகளின் இடுப்பளவு நடத்துநருடையதிலும் பெரிது எனக் கண்டனர். இளவயதினரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. உடல் தொழிலால் உருவாகிறதா, அன்றித் தொழிலே ஓரளவு உடலைத் தெரிவு செய்கிறதா என்னும் இவ்வினாவுக்குச் சடலம் தனித்து விடையளிப்பதில்லை. தையற்காரரின் அளவுப் பதிவேடும் வேண்டியிருந்தது.