ஒரே கவிதை, இரண்டு மொழி: யார் இந்த ஜோசெஃபின் பாக்கோன்?

புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு. எதிர்ப்பக்கத்தில் நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு மொழி. கவிதை ஒன்றுதான், மொழி இரண்டு. இரண்டையும் எழுதியவர் ஒருவரே.

அவர் பெயர் ஜோசெஃபின் பாக்கோன். கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த பூர்வகுடிக் கவிஞர். முதல் கவிதைத் தொகுப்பு வெளிவந்தபோது அவர் 60 வயதைக் கடந்திருந்தார். ஏன் அவ்வளவு தாமதம்? ஏன் இரண்டு மொழி? வாங்க, தெரிஞ்சுக்குவோம்.

இன்னு மக்கள் யார்?

இன்னு, இனுயிட். ரெண்டையும் குழப்பிக்காதீங்க! இனுயிட் மக்கள் ஆர்க்டிக் பகுதியைச் சேர்ந்தவர்கள். இன்னு மக்களின் நிலம் அதற்குத் தெற்கே, கியூபெக்கின் வடகிழக்கிலும் லாப்ரடாரிலும் உள்ளது. அவர்களின் மொழி இன்னு-ஐமுன். அதைப் பேசுவோர் சுமார் 10,000 பேர்தான். "இன்னு" என்ற சொல்லுக்கு "மனிதர்" என்று பொருள்.

கரிபு எனப்படும் மான்களை வேட்டையாடி, ஆறுகளின் வழியே படகில் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். கடற்கரையிலிருந்து விலகிய உள்நிலத்தை "நுச்சிமிட்" என்பார்கள். மரம் வெட்டும் தொழில், சுரங்கங்கள், அணைக்கட்டுகள் எல்லாம் வந்த பிறகு, அந்த வாழ்க்கை சுருங்கியது. மக்கள் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் தங்க வேண்டியதாயிற்று.

ஐந்து வயதில் விடுதிப் பள்ளி

பாக்கோன் 1947ஆம் ஆண்டு பெசமிட் என்ற இன்னு குடியிருப்பில் பிறந்தார். சுமார் ஐந்து வயதில் அவர் மாலியோடெனாமில் இருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். வெளியே வந்தபோது வயது 19.

அவர் மட்டுமல்ல. கனடாவில் சுமார் 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் இத்தகைய பள்ளிகளில் வளர்ந்தனர். பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் பெரும்பாலும் தேவாலயங்களுடையது. குடும்பம், மொழி, பண்பாடு ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளைப் பிரிப்பதே நோக்கம். 2008இல் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அதைப் பண்பாட்டு இன அழிப்பு என்று வருணித்தது.

அப்படியானால் பாக்கோனின் தாய்மொழி எப்படிப் பிழைத்தது? அந்தப் பள்ளி இன்னு மக்கள் வாழும் இடத்திலேயே இருந்தது. உடன் படித்தவர்களும் பெரும்பாலும் இன்னு பிள்ளைகள். அவர்கள் தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள்.

ஆனாலும் ஓர் இழப்பு இருந்தது. காட்டில் நடக்கவும் தடம் பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டிய வயது வகுப்பறையில் கழிந்துவிட்டது.

பெரியவர்களின் குரல்

1960களில் பாக்கோன் மோன்ட்ரியல் நகருக்குச் சென்றார். அப்போது மானுடவியல் ஆய்வாளர்கள் இன்னு பெரியவர்களின் கதைகளை ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டிருந்தனர். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். பாக்கோன் அந்தக் குரல்களைக் கேட்டு எழுதினார், பிரெஞ்சில் மொழிபெயர்த்தார்.

யோசிச்சுப் பாருங்க. சம்பளத்துக்குச் செய்த வேலைதான். ஆனால் பள்ளி கொடுக்காத கல்வி அவருக்கு அங்கே கிடைத்தது. ஆறு, பனி, வேட்டை பற்றிய சொற்களை அந்தப் பெரியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். பிறகு ஆவணப்படங்களிலும் பணியாற்றினார், பாடல்களும் எழுதினார்.

குச்சியில் ஒரு செய்தி

2009இல் வெளிவந்த முதல் தொகுப்பின் பெயருக்கு "செய்திக் குச்சிகள்" என்று பொருள். இன்னு மக்கள் பயணம் செய்யும்போது, பின்னால் வருவோருக்காக வழியில் குச்சிகளை நட்டுவைப்பார்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே செய்தி. முன்னால் போனவர்கள் எந்தத் திசையில் போனார்கள், பசியில் வாடுகிறார்களா என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பாக்கோனின் கவிதைகளும் அப்படித்தான்: முன்னால் போனவர்கள் பின்னால் வருவோருக்கு விட்டுச்செல்லும் குறிப்புகள்.

2013இல் "துந்திரத்தில் ஒரு தேநீர்" என்று பொருள்படும் தொகுப்பும், 2018இல் "எங்கோ" என்று பொருள்படும் தொகுப்பும் வந்தன. இரண்டுமே இருமொழி நூல்கள். பின்னது 2019இல் கியூபெக் புத்தகக் கடைக்காரர்கள் வழங்கும் விருதைப் பெற்றது.

பிரெஞ்சில் ஏன் எழுத வேண்டும்?

நியாயமான கேள்வி. பிரெஞ்சு அந்த விடுதிப் பள்ளியின் மொழி. ஆனால் இன்று கியூபெக் வாசகர்களை எட்டும் வழியும் அதுவே. இன்னு மொழியைப் படிக்கத் தடுமாறும் இளம் இன்னுக்களுக்கு அந்தப் பிரெஞ்சுப் பக்கம் ஒரு பாலம். புரியாத சொல் வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பாதையில் அவர் முதல் ஆள் அல்ல. ஆன் ஆன்தான் கப்பேஷ் என்ற இன்னு எழுத்தாளர் 1976லேயே தம் மக்களின் வரலாற்றை இரு மொழி நூலாக வெளியிட்டார். பாக்கோனுக்குப் பின் நவோமி ஃபோன்டேன், நடாஷா கனாபே ஃபோன்டேன் போன்ற இளையர்கள் எழுத வந்துள்ளனர்.

2020இல் பாக்கோனைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. இயக்கியவர் அபெனாகி பூர்வகுடியைச் சேர்ந்த கிம் ஓபோம்சாவின். படத்தின் பெயருக்கு "என் பெயர் மனிதர்" என்று பொருள். "இன்னு" என்ற சொல்லின் அர்த்தம் ஞாபகம் இருக்கா?

நீங்களும் இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்பவர்தான். உங்க பாட்டி சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல், உங்களுக்கு அர்த்தம் தெரியாத ஒரு சொல், இருக்கத்தான் செய்யும். இன்னைக்கே கேட்டு எழுதி வைங்க. பாக்கோன் தொடங்கியதும் அப்படித்தான்.