கனஅடியும் கபிலர் குன்றும்

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் மழைக்காலத்துல ரெண்டு அணையைப் பத்திதான் பேச்சு. ஒண்ணு கோமுகி. கல்வராயன் மலையில பெய்யற மழை பொட்டியம், மாயம்பாடி ஓடைகள் வழியா இறங்கி வந்து சேர்ற இடம். இன்னொண்ணு தென்பெண்ணையில இருக்கற சாத்தனூர். அது திருவண்ணாமலை மாவட்டம்தான். ஆனா திறந்துவிட்டா, தண்ணி வர்றது எங்க மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு.

1960களில் கட்டின கோமுகி அணையோட உயரம் 46 அடி. ஆனா மழைக்காலத்துல 44 அடியிலயே நிறுத்தி, வர்ற தண்ணியை ஆத்துல விட்டுடுவாங்க. "ஏன்யா தண்ணியை வீணாக்குறீங்க?"ன்னு சின்ன வயசுல நானும் கேட்டிருக்கேன். அந்த ரெண்டு அடி காலியிடம்தான் கீழே இருக்கற ஊர்களுக்குக் காவல்னு பின்னாடிதான் புரிஞ்சுது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. அடுத்து ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர்ல இருந்து நொடிக்கு 1,68,000 கனஅடி திறந்தாங்க. முன்னறிவிப்பே இல்லைன்னு எதிர்க்கட்சிகள் சொன்னாங்க. ஐந்து முறை எச்சரித்தோம்னு அரசு சொன்னது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்தேன். 1958ல் கட்டின சாத்தனூரோட மொத்தக் கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. அன்னிக்கு வந்த வேகத்துல வந்தா, காலி அணையே 12 மணி நேரத்துல ரொம்பிடும். கோமுகி மாதிரி 560 மில்லியன் கனஅடி அணைன்னா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆக, பெரிய வெள்ளத்தை அணை கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மிச்சத்தை நாமதான் பாத்துக்கணும்.

என் கேள்வி இதுதான்: எச்சரிக்கை வந்துச்சுன்னே வச்சுக்குவோம். "ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கனஅடி"ன்னா ஆத்தங்கரையில தூங்கிட்டிருக்கற பாட்டிக்கு என்ன புரியும்? "பிள்ளையார் கோயில் படி வரைக்கும் தண்ணி வரும், மாட்டை அவுத்துக்கிட்டு மேட்டுத்தெருவுக்குப் போங்க"ன்னு சொன்னா புரியும். வெள்ள அபாயத்தை மதிப்பிடறதுன்னா, என்னைப் பொறுத்தவரை, கனஅடியைத் தெருவா மாத்தறதுதான்.

அதுக்கு அளவுகோல் திருக்கோவிலூர்லயே நிக்குது. பாரியின் மகளை மலையமானிடம் ஒப்படைச்சுட்டு, பெண்ணையாத்து நடுவுல இருக்கற பாறையில கபிலர் உயிர்விட்டதை வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு சொல்லுது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ஆயிரம் வருஷமா நாம அடையாளம் காட்டற கல் அது. எத்தனை வெள்ளத்தைப் பாத்திருக்கும்! தண்ணி அந்தக் குன்றுல எவ்வளவு உயரம் ஏறினா எந்தத் தெரு முழுகும்னு எழுதி வச்சிருந்தா, அதைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை உண்டா?

வெள்ளம் சுவத்துல விட்டுட்டுப் போற சேத்துக் கோடு, அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிச்சா போயிடும். அதோட ஊரோட ஞாபகமும் போயிடும். அப்புறம் அதே பள்ளத்துல புது வீடு முளைக்கும். அந்தக் கோடு மேல பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து, பக்கத்துல தேதி எழுத எவ்வளவு செலவாகும் சொல்லுங்க?

உங்க ஊர்ல அப்படி ஒரு கோடு இருந்தா, அழியறதுக்குள்ள போய்ப் பாத்து எழுதி வைங்க நண்பர்களே. ஆறு மறுபடியும் வரும்.