குவெட்டாவில் இடியாத வீடுகள்

1935 மே 31 அதிகாலையில் பலுசிஸ்தானின் குவெட்டா நகரம் நிலநடுக்கத்தால் தரைமட்டமானது. பல்லாயிரம் பேர் மாண்டனர். அந்த இடிபாடுகளுக்கு நடுவே சில ரயில்வே குடியிருப்புகள் மட்டும் சேதமின்றி நின்றன. அவை தற்செயலாகத் தப்பியவை அல்ல. 1931ஆம் ஆண்டு மாச் நிலநடுக்கத்திற்குப் பின், எஸ்.எல்.குமார் என்னும் இளம் ரயில்வே பொறியாளர், கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் தாக்கும் எனக் கொண்டு அவற்றை வடிவமைத்திருந்தார். பழைய தண்டவாளங்கள் செங்கற்சுவர்களுக்கு எலும்புக்கூடாக அமைந்தன. 1933இல் அவர் தம் முறையைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

ஆகவே, குவெட்டா இடிந்தபோது அறிவு இருந்தது. அதைப் பின்பற்றியாக வேண்டும் என்னும் பொதுக் கட்டாயம் இல்லை. பேரழிவுக்குப் பின்னரே அந்நகரில் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. இந்திய நிலநடுக்கப் பொறியியலின் பிற்கால வரலாற்றிலும் இந்த இடைவெளி தொடர்ந்து காணப்படுகிறது.

விடுதலைக்குப் பின், 1962இல் ஐ.எஸ். 1893 என்னும் தேசியத் தரநிலை வெளிவந்தது. அதன் மண்டல வரைபடம் பெரும்பாலும் முந்தைய நிலநடுக்கங்களின் பதிவை ஆதாரமாகக் கொண்டது. பதிவில்லாத இடம் பாதுகாப்பான இடமாகக் கருதப்பட்டது. தீபகற்பம் உறுதியான நிலப்பகுதி என்னும் அந்த நம்பிக்கையை 1967 டிசம்பரில் கொய்னா நிலநடுக்கம் தகர்த்தது. 1970இல் வரைபடம் திருத்தப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அன்று, மிகக் குறைந்த ஆபத்துடைய முதலாம் மண்டலத்தில் இருந்த லாத்தூர் வட்டாரத்தில், கனத்த கல் வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது சரிந்தன. 2002 திருத்தத்தில் முதலாம் மண்டலமே நீக்கப்பட்டது. இவ்விரு திருத்தங்களுக்கும் முன்னால் உயிரிழப்பு நிற்கிறது.

வரைபடம் பிழையற்றதாக இருந்தால் மட்டும் போதுமா? 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த புஜ் நிலநடுக்கம் இதற்கு விடை தந்தது. நிலநடுக்க மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் வீழ்ந்தன. அவற்றுள் பல, வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் கொண்டவை. தூணின் கம்பி வளையங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும், அவற்றின் முனைகள் எவ்வாறு உள்நோக்கி வளைக்கப்பட வேண்டும் என்பதை ஐ.எஸ். 13920 தரநிலை 1993இலேயே வகுத்திருந்தது. ஆனால் தரநிலை என்பது தன்னளவில் பரிந்துரையே. உள்ளாட்சியின் கட்டட விதிகள் ஏற்றுக்கொண்டு, கட்டுமான இடத்தில் எவரேனும் சரிபார்த்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

இன்னொரு வரம்பும் உண்டு. 2002இல் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் எழுந்த வீடுகள் அந்த ஓராண்டில் எந்த வலிமையையும் கூடுதலாகப் பெற்றுவிடவில்லை. புதிய விதி புதிய கட்டடங்களையே ஆள்கிறது. பழையவற்றை வலுப்படுத்தத் தனியே செலவும் ஆணையும் வேண்டும்.

ஆகவே ஒரு நகரின் நிலநடுக்க ஆபத்தை அறிய, நடப்பு விதி என்ன கூறுகிறது என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அந்நகரின் கட்டடங்கள் எந்த ஆண்டில் எழுந்தன, அன்று எந்த விதி இருந்தது, அதை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.