பூவா பிஞ்சா: அணி பிரிக்கும் நியாயத்தின் கதை

கோயில் கொடை மாதங்களில் தென்காசி மாவட்டத்து இலத்தூர் விலக்கில் பேருந்துக்கு நிற்பவர்கள் சுவரொட்டி படித்தே பொழுதைப் போக்கிவிடலாம். மாபெரும் கபடிப் போட்டி, முதல் பரிசு, சுழற்கோப்பை, நுழைவுக் கட்டணம் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும், ஆதார் நகல் அவசியம், கமிட்டியின் முடிவே இறுதியானது. பரிசுத் தொகையைவிட அதிகச் சண்டை நடப்பது இந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான். வெளியூர்க்காரனை இறக்கி ஜெயித்த ஜெயிப்பு ஒரு ஜெயிப்பா என்ற கேள்வி, அரையிறுதிக்கு முன்பே களத்தில் எழுந்துவிடும்.

ஆட்டக்காரனைப் பங்கு போடுவதில் எது நியாயம் என்று தமிழ்ப் பிள்ளைகள் வெகுகாலத்துக்கு முன்பே ஒரு விடை கண்டிருந்தார்கள். அதன் பெயர் உத்தி. இன்றைய தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த தேவநேயப் பாவாணர், தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்த தம் நூலில் கட்சி பிரிப்பதை உத்தி கட்டுதல் என்றே குறிக்கிறார். ஏறக்குறைய ஒரே பலமுள்ள இருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். ஒருவன் பூ, மற்றவன் பிஞ்சு என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். எந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று தெரியாமலே தலைவன் ஒன்றைக் கேட்பான். கேட்ட பெயருக்குரியவன் தலைவன் பக்கம், மற்றவன் எதிர்ப் பக்கம். பணமும் இல்லை, முறைவரிசையும் இல்லை. யாருக்கு யார் சமம் என்று முடிவு செய்கிறவர்களும் ஆட்டக்காரர்களே. நன்றாக ஆடும் இருவர் ஒரே அணியில் சேர ஆசைப்பட்டுச் சோப்ளாங்கிகளை ஜோடியாகப் பிடித்து வருவது இதிலுள்ள ஓட்டை. உடனே கூட்டம் கத்தி அதை அடைத்துவிடும்.

தொழில்முறை ஆட்டத்தில் அந்தக் கத்தலின் இடத்தில் நீதிமன்றம் வந்தது. ஆஸ்திரேலியக் கால்பந்தில் 1982இல் சவுத் மெல்பர்ன் அணி மொத்தமாகச் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. இளம் வீரர் சில்வியோ ஃபோஸ்கினி கூடப்போக மறுத்து, மெல்பர்னிலேயே இருந்த செயின்ட் கில்டாவுக்கு ஆட விரும்பினார். விக்டோரியக் கால்பந்து லீக் அனுமதி தர மறுத்தது. அந்தக் காலத்தில் எந்த வட்டாரத்தில் குடியிருந்தானோ அந்த வட்டாரத்து அணிக்கே ஆட்டக்காரன் சொந்தம். 1983இல் விக்டோரியா உச்ச நீதிமன்றம், லீகின் கட்டுப்பாடுகள் ஒருவர் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுப்பவை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகே சம்பள உச்சவரம்பும், அணிகள் முறைவரிசையில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 1986இலும் வந்தன. டிராஃப்டில், கடைசி இடம் பிடித்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும். தோற்றவனுக்கு முதல் பிடி கிடைத்ததும், வேண்டுமென்றே தோற்கிறார்களோ என்ற சந்தேகமும் கூடவே பிறந்தது. மெல்பர்ன் அணியின் 2009 பருவம் விசாரணைக்கு உள்ளாகி, 2013இல் 5 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது. தந்தை ஆடிய அணி மகனைச் சேர்த்துக்கொள்ளச் சலுகை தரும் விதியோ இன்றும் அங்கே இருக்கிறது. வாரிசு உரிமை நம் அரசியலுக்கு மட்டும் சொந்தமல்ல.

இந்தியா இந்த வழியைப் பாதி மட்டும் பின்பற்றியது. 2008 பிப்ரவரியில் மும்பையில் ஐபிஎல் முதல் ஏலம் நடந்தபோது ஒவ்வோர் அணிக்கும் 50 லட்சம் டாலர் வரம்பு. தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. 19 வயதுக்குட்பட்ட உலகக்கோப்பை வீரர்களுக்கு மட்டும் ஏலம் இல்லை, டிராஃப்ட். டெல்லி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு, அதே ஊர்க்காரரான வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார்.

விரும்பிய இடத்துக்குப் போக நினைத்தால் என்ன ஆகும் என்பதை ரவீந்திர ஜடேஜா 2010இல் கற்றார். ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியுடன் பேசியதற்காக ஓராண்டு ஐபிஎல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். இரண்டே ஆண்டில், 2012இல், 20 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார். அந்த ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பே அதுதான்; இரண்டு அணிகள் அதில் முட்டி நின்றதால் மூடிய உறையில் ஒரு தொகை எழுதிக் கொடுத்து முடிவானது. அந்தத் தொகை வெளியே சொல்லப்படவில்லை. உத்தியில் மறைந்திருந்தது ஆள், இங்கே மறைந்தது பணம். 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வர, அதே ஜடேஜா சாம் கரனுடன் ராஜஸ்தானுக்கே திரும்பினார். இம்முறை அணிகள் தங்களுக்குள் பேசிக்கொண்ட கைமாற்றம். அதற்கு வீரரின் சம்மதமும் வேண்டும் என்பது விதி.

2025 பருவத்துக்கு முன், சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் கடந்த இந்திய வீரரை நாட்டுக்கு ஆடாதவராகக் கணக்கிடும் பழைய விதி உயிர்பெற்றது. 12 கோடியில் இருந்த தோனி 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். சென்னை ரசிகர்கள் சிரித்தார்கள். விதி பொதுவானது என்று சொன்னாலும், அது யார் முகத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

நம் மாவட்டத்துக்கு இந்த வரலாறு இன்னும் கிட்டே வருகிறது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் டிராஃப்டுடன் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். பிற்பாடு அந்த அணி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆனது. திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சி வீரன்ஸாகி, பிறகு நெல்லை ராயல் கிங்ஸாகியது. சவுத் மெல்பர்ன் சிட்னிக்குப் போனதே ஒரு வழக்கைக் கிளப்பியது. இங்கே ஓர் அணி மூன்று ஊர்ப் பெயரைச் சுமந்தும் சலசலப்பு இல்லை. காரணம் எளிது: ஊர், பெயர்ப் பலகையில் மட்டும் இருந்தது. இலத்தூர் சுவரொட்டி கேட்கும் ஆதார் நகலை இந்த அணிகளிடம் யாரும் கேட்கவில்லை.

2023இல் இங்கும் ஏலம் வந்தது. ஓர் அணிக்கு 70 லட்ச ரூபாய். சாய் சுதர்சனைக் கோவை கிங்ஸ் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. குஜராத் டைட்டன்ஸ் ஐபிஎல்லில் அவரை எடுத்த விலை 20 லட்சம்! மாநில லீகின் கூலி தேசிய லீகின் கூலியை மிஞ்சியது ஒரு வேடிக்கை. ஆனால் ஏலத்தின் நல்ல பக்கமும் அதுதான்: டிராஃப்டில் முன்கூட்டியே விதித்த தொகைக்குள் அடைபட்டிருந்த ஆட்டக்காரனின் உழைப்புக்குச் சந்தை விலை கிடைத்தது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் திருநெல்வேலியிலேயே நடந்தது. நெல்லை, கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

விலை உயர்ந்தால் பலன் உயரும் என்று சொல்லவும் முடியாது. புரோ கபடியில் 2022இல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே காயம், பருவம் முடிந்தது. புதிய இளம் வீரர் பட்டியலிலிருந்து, ஏலம் ஏறாமல் வந்த நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்து அணியை முதன்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த நரேந்தரும் வெளியூர்க்காரர்தான், ஹரியானாவைச் சேர்ந்தவர்.

அணிகளுக்கிடையே சமன் காண்பதில் வரம்பும் வரிசையும் ஓரளவு வென்றிருக்கின்றன. ஆட்டக்காரனுக்குப் பேசும் உரிமை கொடுப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களுக்கு 1973 முதல் சங்கம் உண்டு, சம்பளத்தையும் நிபந்தனைகளையும் அது லீகோடு உட்கார்ந்து பேசுகிறது. இந்தியாவில் 2019இல் உருவான கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே இடம். ஏல மேசையில் பெயர் வாசிக்கப்படும் எவரும் அதில் உறுப்பினராக முடியாது.