எக்கோஸ் முதல் நிலவின் மறுபக்கம் வரை

ஸ்டார் ட்ரெக் ரசிகர்களிடம் முதல் தொடரின் சறுக்கல்களைக் கேட்டால், ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபோர்ஸ்’ என்ற கதையைப் பலரும் முகம் சுளித்தபடியே சொல்வார்கள். அமெரிக்காவில் என்.பி.சி. அதை 1968 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பியது. எக்கோஸ் என்ற கிரகத்தை ஆராயப் போன ஜான் கில் என்ற வரலாற்றுப் பேராசிரியர், அங்கே சிதறிக் கிடந்த சமூகத்தை ஒழுங்குபடுத்த நாஜி அரசமைப்பை இறக்குமதி செய்கிறார். கொடுமையைக் கழித்துவிட்டு நிர்வாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. துணைத்தலைவன் மெலாக்கன் அவருக்கே போதைமருந்து கொடுத்துப் பொம்மையாக உட்காரவைத்துவிட்டு, அண்டைக் கிரகமான ஸீயானின் மக்களை அழிக்கக் கிளம்புகிறான். ஸீயான்காரர்களின் பெயர்கள் ஐசக், ஆப்ரம் என்ற சாயலில் இருக்கும். பூடகம் என்று எதுவும் இல்லை. கிர்க்கும் ஸ்பாக்கும் நாஜிச் சீருடை போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். அந்த வேடங்களில் நடித்த ஷாட்னர், நிமாய் இருவருமே யூதர்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சிக்கு ஒரு கனம் கிடைக்கிறது.

சீருடை என்னை உறுத்தவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, பூமி கண்டதிலேயே மிகத் திறமையான அரசு அதுதான் என்கிறார் கில். தர்க்கத்துக்குப் பேர்போன ஸ்பாக் அதை ஆமோதிக்கிறார். அங்கே ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

இந்த வசனத்தை நான் ஊரிலேயே கேட்டு வளர்ந்தவன். “இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் சார் சரிப்படும்” என்பது நம் டீக்கடைகளின் நிரந்தரத் தீர்மானம். கண்டிப்பான அப்பா ஹிட்லர், கணக்கு வாத்தியார் ஹிட்லர். 1982இல் சிவாஜி கணேசன் நடித்து ‘ஹிட்லர் உமாநாத்’ என்றே ஒரு படம் வந்தது. மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு வந்து, மென்பொருள் ஆலோசகனாக இங்கேயே தங்கிவிட்ட பிறகும், ஊரிலிருந்து வரும் உறவினர்கள் நெடுஞ்சாலையைப் பார்த்ததும் சொல்வது அதைத்தான்: “என்ன இருந்தாலும் ரோடு போட்டான்ல!” கொலோன்–பான் நெடுஞ்சாலையை 1932 ஆகஸ்டில் திறந்துவைத்தவர் அன்றைய கொலோன் மேயர் கொன்ராட் அடனாவர் என்று சொல்லிப் பார்ப்பேன். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். அதற்குள் பேச்சு ரயில்களின் நேரந்தவறாமைக்குத் தாவியிருக்கும். (இன்றைய ஜெர்மன் ரயிலில் ஏறியவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.)

வரலாற்றாசிரியர்கள் வரைந்த சித்திரம் வேறு. ஃபிரான்ஸ் நாய்மன் 1942லேயே ‘பெஹிமோத்’ நூலில் நாஜி ஆட்சியை ஒன்றோடொன்று மோதும் அதிகாரக் குழுக்களின் தொகுப்பாகக் காட்டினார். எக்கோஸ் கதை ஒளிபரப்பான மறு வருடம் மார்ட்டின் ப்ரோஸாட்டின் ‘ஹிட்லரின் அரசு’ வந்தது. கட்சி, அமைச்சகம், எஸ்.எஸ்., கோரிங்கின் நான்காண்டுத் திட்ட அலுவலகம் என்று ஒரே வேலைக்குப் பல எஜமானர்கள். எங்கள் தொழிலில் இப்படி ஒரு திட்டம் நடந்தால் முதல் வாரமே தலையில் கை வைத்துவிடுவோம். கொல்வதில் திறமை காட்டினார்களே என்றால், ஆம், காட்டினார்கள். 1939 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இணைப்புப் படிவத்தில் ஒவ்வொருவரின் தாத்தா பாட்டியும் யூதரா என்று கேட்டுப் பதிந்துகொண்டார்கள். அந்தத் திறமையைத் தனியாகப் பிரித்தெடுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் கில்லின் பிழை.

இந்தக் கதையைப் பார்த்து விவாதித்திருக்க வேண்டிய நாடு ஜெர்மனி. அது பார்க்கவில்லை. 1972இல் இஸட்.டி.எஃப். தொலைக்காட்சி ‘ராம்ஷிஃப் எண்டர்ப்ரைஸ்’ என்ற பெயரில் தொடரைத் தொடங்கியபோது 79 கதைகளில் 39ஐ மட்டும் எடுத்துக்கொண்டது. எண்பதுகளின் பிற்பகுதியில் சாட்.1 மிச்சத்தைக் காட்டியது, இந்த ஒன்றைத் தவிர. தொண்ணூறுகளில் வீடியோ கேசட்டாக ஜெர்மன் குரலில் வெளிவந்தது. இஸட்.டி.எஃப். நியோ அதை ஒளிபரப்ப 2011 நவம்பர் ஆயிற்று, அதுவும் பின்னிரவில்.

மூன்றே மாதம் கழித்து, 2012 பிப்ரவரியில், பெர்லின் திரைப்பட விழாவில் ‘அயர்ன் ஸ்கை’ திரையிடப்பட்டது. பின்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியா மூன்றும் சேர்ந்து எடுத்த பகடிப் படம். செலவு சுமார் 75 லட்சம் யூரோ; அதில் ஏறக்குறைய 10 லட்சத்தை ரசிகர்களே போட்டார்கள். இயக்குநர் டிமோ வூரன்சோலா அதற்கு முன் எடுத்தது ‘ஸ்டார் ரெக்’, அதாவது ஸ்டார் ட்ரெக்கைக் கிண்டலடித்து இணையத்தில் இலவசமாக விட்ட படம். 1945இல் நிலவின் மறுபக்கத்துக்குத் தப்பிப்போன நாஜிகள் 2018இல் பூமிக்குத் திரும்புகிறார்கள் என்பது கதை. பாதி நகைச்சுவை எடுபடவில்லை. கறுப்பின விண்வெளி வீரரை ஊசி போட்டு வெள்ளையாக்கும் பகுதி என்னை நெளிய வைத்தது. ஆனாலும் எக்கோஸ் கதைக்கு நான் பார்த்த மிகச் சரியான பதில் இந்தப் படத்தில்தான் இருக்கிறது.

நிலவுத் தளத்தின் ஆசிரியை ரெனாட்டே, தலைவரின் கொள்கை அன்பும் சமாதானமும் என்று மனதார நம்புகிறாள். ஆதாரமாக மாணவர்களுக்கு ஒரு குறும்படத்தைக் காட்டுகிறாள்: சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தை வெட்டிச் சில நிமிடங்களாக்கி, சர்வாதிகாரி உலக உருண்டையைப் பந்தாக ஏந்தி ஆடும் காட்சியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். உலகத்தை எவ்வளவு அருமையாகத் தாங்குகிறார் பாருங்கள் என்பது பாடம். பூமிக்கு வந்து முழுப்படத்தையும் பார்த்த பிறகுதான் அவள் கண் திறக்கிறது.

திறமைக்கும் படம் ஒரு சோதனை வைக்கிறது. எழுபது ஆண்டுக்குப் பிறகும் நிலவில் அறையை அடைக்கும் கணினிதான். மாபெரும் போர்க்கப்பலை இயக்க, பிடிபட்ட அமெரிக்கரின் கைபேசி தேவைப்படுகிறது. அதன் சார்ஜ் தீர்ந்ததும் கப்பல் படுத்துவிடுகிறது. வேறு கைபேசி தேடித்தான் பூமிக்கு ஆள் அனுப்புகிறார்கள். திரையரங்கில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இது. ஏனென்றால் நிஜம் இதைவிட மோசம். 1941இல் பெர்லினில் கொன்ராட் ட்சூஸ, நிரல்படி இயங்கும் இஸட்3 கணினியை உருவாக்கிக் காட்டினார். அவர் நண்பர் ஹெல்முட் ஷ்ரையர் சுமார் 2000 வால்வுகள் கொண்ட மின்னணுக் கணினிக்குத் திட்டம் கொடுத்தார். முடிக்க இரண்டு வருடம் ஆகும் என்றதும், அதற்குள் போரில் ஜெயித்துவிடுவோம் என்று அதிகாரிகள் ஒதுக்கிவிட்டார்கள்.

‘அயர்ன் ஸ்கை’ பார்த்துவிட்டுப் பழைய கதைக்குத் திரும்பினால் ஜான் கில் வேறு ஆளாகத் தெரிகிறார். ரெனாட்டேக்கு வெட்டிய சுருளைப் பிறர் கொடுத்தார்கள். பேராசிரியர் தானே கத்தரித்துக்கொண்டார். முழுப்படத்தையும் பார்த்தவர், அதுவும் அதையே தொழிலாகக் கொண்டவர். ஊர்ப் பேச்சில் எனக்குப் பரிச்சயமான முகம் இவருடையதுதான். கதையை எழுதிய ஜான் மெரடித் லூகஸுக்கும் இது கொஞ்சம் தெரிந்திருக்கிறது என்று இப்போது படுகிறது. எக்கோஸ் மக்கள் திரையில் தங்கள் தலைவரின் பேச்சைக் கேட்டுக் கைதட்டுகிறார்கள். அந்தப் பேச்சைக் கவனித்துக் கேட்பவர் ஸ்பாக் ஒருவர்தான். அவர் சொல்கிறார்: வாக்கியங்களுக்குள் தொடர்பே இல்லை, எங்கெங்கோ பேசியதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.